நுரையீரலின் உள்வீட்டுக் காவலர்



அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் வாழும் நம் குடும்பங்களுக்குப் புழுதியும் புகையும் புதியவை அல்ல. தொழிற்பேட்டையின் பட்டறைகள், ஓயாது ஓடும் சரக்கு வண்டிகள், அடிக்கடி தோண்டப்படும் சாலைகள், குப்பை மேட்டில் கனன்று கொண்டிருக்கும் நெருப்பு ஆகிய இவற்றின் நடுவேதான் நாம் அன்றாடம் மூச்சு விடுகிறோம். காலையில் துடைத்த சன்னல் கம்பியை மாலையில் தொட்டால் விரல் கறுக்கிறது. சன்னல் கம்பியில் படிவது நம் நெஞ்சுக்குள்ளும் போகாமலா இருக்கும்? போகத்தான் செய்கிறது. அப்படியானால் 40, 50 ஆண்டுகள் இந்தக் காற்றையே சுவாசித்து வாழ்ந்த பெரியவர்களின் நுரையீரல் என்றோ அடைபட்டுப் போயிருக்க வேண்டும். ஏன் அடைபடவில்லை?

உள்ளே துப்புரவுப் பணியும் காவற்பணியும் இரவு பகலாக நடைபெறுகின்றன என்பதே விடை. அப்பணியைச் செய்வோர் யார், அவர்கள் எங்கிருந்து வந்தனர், அவர்களின் தொகை குறையாமல் இருப்பது எங்ஙனம் என்பதை இம்மாதம் ஆராய்வோம். இது வெறும் அறிவியல் வேடிக்கை அன்று. காசநோய் இன்னும் நம் தெருக்களை விட்டு அகலாத நாளில், இதனை அறிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்திற்கும் கடமை என்றே கருதுகிறோம்.

வாயிற் காவலும் உட்காவலும்

வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 தடவை மூச்சு விடுகிறார். உட்செல்லும் காற்றின் அளவு 10,000 லிட்டருக்கும் மேல். இக்காற்று மூக்கின் வழியாக மூச்சுக்குழலில் இறங்கி, மரத்தின் கிளைகளைப் போல் பிரிந்து பிரிந்து செல்லும் குழாய்களைக் கடந்து, இறுதியில் சின்னஞ்சிறு காற்றறைகளை அடைகிறது. இவ்வறைகள் இரு நுரையீரல்களிலும் சேர்ந்து சுமார் 48 கோடி. அவற்றின் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரு நடுத்தர வீட்டின் தரை முழுவதையும் மூடிவிடும். அத்துணை பரந்த இடத்தில் காற்றுக்கும் இரத்தத்திற்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டுமே. உடலின் வேறெந்தப் பகுதியும் வெளியுலகிற்கு இவ்வளவு திறந்து கிடப்பதில்லை.

பெரிய தூசியை மூக்கின் மயிர்கள் தடுக்கின்றன. அதனையும் கடந்ததைக் குழாய்களின் உட்சுவரிலுள்ள சளி பிடித்துக் கொள்கிறது. நெற்கதிர் காற்றில் அசைவதைப் போல் ஓயாது அசையும் நுண்மயிர்கள் அச்சளியை மேல்நோக்கித் தள்ளித் தொண்டைக்குக் கொணர்கின்றன. ஆனால் மிக நுண்ணிய துகளும், இருமலில் தெறித்துக் காற்றில் மிதக்கும் கிருமியும் இவ்விரு காவல்களையும் ஏமாற்றிவிட்டுக் காற்றறைக்குள் இறங்கிவிடுகின்றன. காற்றறைக்குள் நுண்மயிரும் இல்லை, சளியும் இல்லை. அங்கே இருந்தால் மூச்சே நின்றுவிடும். ஆகையால் அங்கே வேறு வகைக் காவல் வேண்டியதாயிற்று.

அந்தக் காவலரே ‘மாக்ரோஃபேஜ்’ எனப்படும் உயிரணுக்கள். தமிழில் ‘பெருவிழுங்கி’ என்று இவற்றை அழைக்கிறார்கள். பெயருக்கேற்ற தொழில். தூசி, கரி, இறந்த உயிரணு, கிருமி எது வந்தாலும் சுற்றி வளைத்து விழுங்கித் தன் வயிற்றிலேயே செரித்துவிடும். காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி காக்கும் வழவழப்பான நீர்மம் ஒன்று உண்டு. அது பழையதானால் அள்ளியகற்றுவதும் இவற்றின் வேலையே.

இவ்வகை உயிரணுக்களின் தொழிலை உலகுக்கு அறிவித்தவர் உருசிய அறிஞர் இலியா மெச்னிகாவ். 1882-ஆம் ஆண்டின் இறுதியில் இத்தாலியின் மெசினா நகரில் அவர் தங்கியிருந்தார். பிள்ளைகளுக்காகக் கிறிஸ்துமஸ் மரம் அலங்கரித்திருந்த சிறு தோட்டத்திலிருந்து ரோஜா முட்களை எடுத்து வந்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் குத்தி வைத்தார். மறுநாட்காலை பார்த்தபோது நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன! அதே 1882-இல், மார்ச் 24-ஆம் நாள், பெர்லின் நகரில் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைத் தாம் கண்டறிந்ததை அறிவித்திருந்தார். கிருமியும் அதனை எதிர்க்கும் காவலரும் ஒரே ஆண்டில் மனிதனுக்கு அறிமுகமாயினர். மெச்னிகாவ் 1908-இல் நோபல் பரிசு பெற்றார்.

இவ்வணுக்களைப் பற்றி இன்னொரு செய்தி. 2020-இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் உயிருள்ள எலியின் நுரையீரலை நுண்நோக்கியில் நேரே கண்டனர். அங்கே காற்றறைகளின் எண்ணிக்கையை விடக் காவலரின் எண்ணிக்கை குறைவு. ஆனால் காவலர் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. அறைக்கும் அறைக்கும் இடையிலுள்ள சிறு துளைகளின் வழியாக ஊர்ந்து ஊர்ந்து வீடு வீடாகச் சென்று பார்த்தனர். வந்திறங்கிய கிருமியை ஓசையின்றி விழுங்கினர். அவ்வாறு அவர்கள் செய்யாதபோதோ, இரத்தத்திலிருந்து வேறு வெள்ளணுக்கள் பெருங்கூட்டமாகப் பாய்ந்து வந்து, அழற்சியை உண்டாக்கி, மெல்லிய சவ்வையே புண்ணாக்கின. திருடனைப் பிடிப்பது மட்டுமன்று, ஊரைக் கூட்டிக் கலவரம் ஆகாமல் பிடிப்பதே நல்ல காவலனுக்கு அழகு.

இவர்கள் எங்கிருந்து வந்தனர்?

காவலர் தொகை குறையாதிருக்கும் வகை எது என்ற கேள்விக்கு அறிஞர்கள் நெடுங்காலம் ஒரே விடையைத்தான் சொல்லி வந்தனர். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ‘மோனோசைட்’ என்னும் வெள்ளணு இரத்தத்தில் மிதந்து வந்து, நுரையீரலில் இறங்கி, அங்கே பெருவிழுங்கியாக மாறுகிறது. பழையது மடிய மடியப் புதியது மஜ்ஜையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. நெதர்லாந்து நாட்டின் வான் ஃபர்த் முதலியோர் 1960-களிலும் 1970-களிலும் நிலைநாட்டிய கொள்கை இது. பாடநூல்கள் எல்லாம் இதனையே போதித்தன.

2013-ஆம் ஆண்டளவில் இக்கொள்கை பெரிதும் திருத்தப்பட்டது. ஆய்வாளர்கள் இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தை ஒன்றாக இணைத்து வைத்தனர். ஓர் எலியின் இரத்த அணு மற்றதன் உடலிலும் தாராளமாக ஓடிற்று. மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்தபோது, இரத்தத்திலுள்ள மோனோசைட்டுகள் நன்கு கலந்திருந்தன. ஆனால் நுரையீரற் காவலரிடையே அயல் எலியின் அணுக்கள் மிக அரிதாகவே காணப்பட்டன. இரத்தத்திலிருந்துதான் காவலர் வருகின்றனர் என்றால் இரு எலிகளின் அணுக்களும் அங்கே கலந்திருக்க வேண்டும் அன்றோ? கலக்கவில்லை. ஆகவே அமைதியான காலத்தில் நுரையீரல் தன் காவலரை வெளியிலிருந்து தருவித்துக் கொள்வதில்லை என்பது தெளிவாயிற்று.

அங்ஙனமாயின் அவர்களின் மூலம் எது? குட்டி தாயின் கருவிலிருக்கும்போதே அதற்கான விதை தூவப்பட்டு விடுகிறது. கருவின் ஈரலில் தோன்றும் முன்னோடி அணுக்கள் நுரையீரலுக்குள் சென்று தங்குகின்றன. பிறந்து முதல் மூச்சு விட்டபின், சில நாட்களுக்குள் அவை முதிர்ந்து காற்றறைக் காவலராகப் பொறுப்பேற்கின்றன. அதன்பின் ஒவ்வொன்றும் நீண்ட நாள் வாழ்கிறது. ஒன்று மடிந்தால் அருகிலிருக்கும் மற்றொன்று இரண்டாகப் பிரிந்து அவ்விடத்தை நிரப்புகிறது. அந்தந்த வீட்டுப் பிள்ளையே வளர்ந்து அந்த வீட்டைக் காப்பது போன்ற ஏற்பாடு.

கதிர்வீச்சு கொண்டு செய்யப்பட்ட பழைய சோதனைகள் இதனை மறைத்துவிட்டன. கதிர்வீச்சு உள்வீட்டுக் காவலரையும் சேர்த்தே கொன்றுவிடும். காலியான இடத்தில் வெளியார் வந்து குடியேறுவது இயல்புதானே? அதனைக் கண்டு, எப்போதும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டனர்.

எலிக்குச் சரி, மனிதருக்கும் அப்படியா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாற்று நுரையீரல் பொருத்தப்பட்டவர்களிடம் இதனைச் சோதித்துப் பார்த்தனர். நுரையீரல் ஒருவருடையது, எலும்பு மஜ்ஜை மற்றவருடையது. ஆதலால் காவலர் எவருடைய அணுக்கள் என்று பிரித்தறிய இயலும். கொடையாளியின் அணுக்கள் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருந்ததைச் சில ஆய்வுகள் காட்டின. பெற்றுக்கொண்டவரின் மஜ்ஜையிலிருந்து வந்த அணுக்களே நாளடைவில் பெரும்பான்மையாயின என்று வேறு ஆய்வுகள் காட்டின. மாற்று உறுப்பு பலவித அடிகளைத் தாங்கிய உறுப்பு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். மனிதரிடம் இரு வழிகளும் உண்டு, ஒவ்வோர் அடிக்கும் நோய்க்கும் பின்னர் வெளியாரின் பங்கு கூடுகிறது என்று கொள்வதே பொருத்தம்.

தொகையைக் காக்கும் ஆணை

காவலர் பிரிந்து பெருக வேண்டிய அளவுக்கு மட்டுமே பெருகுவது எவ்வாறு? கட்டுப்பாடின்றிப் பெருகினால் அதுவே நோயாகிவிடும் அல்லவா? இங்கேதான் நுரையீரலின் சுவர் அணுக்கள் தம் பங்கைச் செய்கின்றன. வழவழப்பு நீர்மத்தைச் சுரக்கும் அதே அணுக்கள், ‘ஜி.எம்-சி.எஸ்.எஃப்.’ என்னும் ஒரு புரதத்தையும் சுரக்கின்றன. காவலரின் வளர்ச்சிக்கும் முதிர்ச்சிக்கும் தொழிலுக்கும் அதுவே ஆணை. அது கிடைக்கும் அளவிற்கும் இடத்திற்கும் ஏற்பவே காவலர் நிலைபெறுகின்றனர். வீடு காவலரைப் போஷிக்கிறது, காவலர் வீட்டைத் துப்புரவு செய்கின்றனர்.

இவ்வாணை தவறினால் நேர்வது என்ன? 1958-இல் அமெரிக்க மருத்துவர் மூவர் ஒரு விந்தையான நோயை விவரித்தனர். நோயாளியின் காற்றறைகளில் வெண்மையான கொழுப்பும் புரதமும் நிரம்பி, நீரில் மூழ்கியவரைப் போல் அவர் மூச்சுக்குத் திணறுவார். காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1994-இல் அப்புரதம் இல்லாத எலிகளை உண்டாக்கியபோது, எவரும் எதிர்பாராத வகையில் அவற்றுக்கும் அதே நோய் வந்தது. பின்னர் 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்நோயாளிகளில் பலருடைய உடல் தன் சொந்தப் புரதத்திற்கு எதிராகவே எதிர்ப்பொருளை உண்டாக்கிக் கொள்வதைக் கண்டனர். ஆணை காவலரை எட்டவில்லை. அவர்கள் துப்புரவுப் பணியை நிறுத்திவிட்டனர். பழைய நீர்மம் தேங்கி அறைகளை அடைத்துவிட்டது. நுரையீரலை உப்பு நீரால் கழுவுவதே நீண்ட காலம் இதற்குச் சிகிச்சையாக இருந்தது. அப்புரதத்தையே மூச்சு வழியாகக் கொடுப்பது பயன் தருவதை 2019-இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்று காட்டிற்று.

மிக அரிய நோய்தான் இது. ஆயினும் பெரியதோர் உண்மையை அது வெளிப்படுத்துகிறது. நாம் ஒரு கணமும் நினைத்துப் பாராத ஒரு துப்புரவுப் பணி நின்றுபோனால், நாம் மூச்சடைத்துப் போவோம். மனிதனின் நாசியில் இறைவன் உயிர்மூச்சை ஊதினார் என்று தொடக்கநூல் உரைப்பதை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். அம்மூச்சைத் தாங்குவதற்குக் கருவிலேயே எத்தனை ஏற்பாடுகளை அவர் செய்து வைத்திருக்கிறார் என்பதை இன்றே அறியத் தொடங்கியிருக்கிறோம்.

காவலரை வீழ்த்துவோர்

உள்வீட்டிலேயே பிறந்து நிரப்பிக்கொள்ளும் படைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரே நேரத்தில் பெருந்தொகை மடிந்துபோனால், எஞ்சியிருப்பவை உடனே ஈடு செய்ய இயலாது. அப்போது வெளியிலிருந்து மோனோசைட்டுகள் வந்து குவிகின்றன. வந்தவை அனுபவமற்றவை, எளிதில் சினங்கொள்பவை. அவற்றால் அழற்சி மிகுகிறது. நாளடைவில் அவற்றுள் ஒரு பகுதி உள்வீட்டாரின் இயல்பைக் கற்றுக்கொள்வதும் உண்டு.

கடுமையான இன்ஃபுளுயன்சா காய்ச்சலில் இதுவே நிகழ்கிறது. எலிகளிடம் செய்த ஆய்வில், காய்ச்சல் கண்ட சில நாட்களில் உள்வீட்டுக் காவலர் பெருமளவு மறைந்துபோவது தெரிந்தது. காய்ச்சல் தணிந்தது என்று மூச்சு விடும் வேளையில் நிமோனியா புகுந்து கொள்வதற்கு இது ஒரு காரணம். 2020-இல் கொரோனா தொற்று முற்றிய நோயாளிகளின் நுரையீரல் நீரைச் சோதித்தபோதும், உள்வீட்டுக் காவலர் குறைந்து, வெளியிலிருந்து வந்த சினமிக்க அணுக்கள் நிறைந்திருக்கக் கண்டனர். முதியோரும் நீரிழிவுக்காரரும் இன்ஃபுளுயன்சா, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறிவது நன்று.

புகையிலை இன்னொரு பகைவன். பீடி, சிகரெட் பிடிப்பவரின் காற்றறைகளில் பெருவிழுங்கிகளின் எண்ணிக்கை பிடிக்காதவரினும் பன்மடங்கு. அப்படியானால் அவருக்குக் காவல் மிகுதிதானே என்று எண்ணிவிட வேண்டாம். கரியை விழுங்கி விழுங்கி வயிறு நிரம்பிய காவலருக்குக் கிருமியை விழுங்கவோ கொல்லவோ வலிமை இராது. தலை எண்ணிக்கை கூடியதே தவிரக் காவல் கூடவில்லை. புகை பிடிப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரினும் இரு மடங்கிற்குக் குறையாதது. வீட்டுத் தலைவர் திண்ணையில் பிடிக்கும் புகை பிள்ளைகளின் நெஞ்சுக்கும் போகிறது. காற்றோட்டமற்ற அடுக்களையில் எரியும் விறகடுப்பும், கதவடைத்த அறையில் இரவு முழுதும் கனலும் கொசுவர்த்திச் சுருளும் இவ்வரிசையில் சேர்ந்தவையே.

நம் பகுதித் தொழிலாளர் சிலருக்கு இன்னொரு எச்சரிக்கை. வார்ப்பட ஆலைகளிலும், மணலைப் பீய்ச்சி இரும்பைத் துலக்கும் பட்டறைகளிலும், கல் உடைக்கும் இடங்களிலும் எழும் சிலிக்காத் தூள் மிகக் கொடியது. காவலர் அதனை விழுங்குவர். ஆனால் செரிக்க இயலாது. தூள் காவலரைக் கிழித்துக் கொன்று வெளிவரும். அடுத்தவர் வந்து அதையே விழுங்குவார், அவரும் மடிவார். ஒரே துகள் பலரைக் கொல்லும். இங்ஙனம் நுரையீரல் தழும்பேறி இறுகுவதே ‘சிலிக்கோசிஸ்’. அத்தகையோரைக் காசநோயும் எளிதில் பற்றும். முகத்திற் கட்டிய கைக்குட்டை இத்தூளைத் தடுக்காது. தூள் எழாதபடி நீர் தெளித்தல், காற்றை உறிஞ்சி அகற்றும் பொறி, தகுந்த முகக்கவசம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை, கொடுப்பது முதலாளியின் கடமை. நம் பங்குகளில் பட்டறை நடத்துவோரும் இருக்கின்றனர். அவர்கள் இதனைத் தங்கள் ஆன்ம சோதனையில் ஒரு கேள்வியாகவே சேர்த்துக் கொள்ளலாம்.

போகிப் புகையைப் பற்றியும் ஒரு சொல். 2018-ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் எழுந்த புகை மூட்டத்தில் வானூர்திகள் இறங்க வழி தெரியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. வானூர்திக்கே வழி தெரியாத புகையில் கைக்குழந்தையின் நுரையீரல் என்ன செய்யும்? பழைய பாயையும் துடைப்பத்தையும் எரிப்பது ஒரு காலத்து வழக்கம். டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிப்பது எந்தக் காலத்து வழக்கமும் அன்று.

காவலர் வயிற்றில் ஒளிந்த கள்வன்

பகைவரெல்லாரினும் வஞ்சகன் காசநோய்க் கிருமியே. நோயாளி இருமும்போது காற்றில் கலந்து, நம் காற்றறைக்குள் இறங்குகிறது. காவலர் வழக்கம்போல் விழுங்குகிறார். விழுங்கிய பொருளைச் செரிக்கும் அமிலப் பையோடு சேர்ப்பதே அடுத்த வேலை. அச்சேர்க்கையையே இக்கிருமி தடுத்துவிடுகிறது என்பதை 1971-இல் இலண்டன் ஆய்வாளர் இருவர் கண்டறிந்தனர். காவலரின் வயிறே கள்வனுக்கு விடுதியாகிவிடுகிறது! அங்கேயே தங்கிப் பெருகி, அவரை வாகனமாக்கிக் கொண்டு நுரையீரலின் உட்பகுதிக்குள் நுழைகிறது.

ஆயினும் உடல் எளிதில் தோற்பதில்லை. வேறு அணுக்கள் வந்து சூழ்ந்து, மதில் போல் கட்டி, கிருமியை உள்ளே சிறை வைக்கின்றன. கிருமி புகுந்தவர்களுள் 100-க்கு 5 முதல் 10 பேர் வரையே தம் வாழ்நாளில் நோயாளி ஆகின்றனர். மற்றவரிடம் அது சிறைப்பட்டே கிடக்கிறது. மதில் எப்போது இடிகிறது? பட்டினியால் உடல் மெலியும்போது, நீரிழிவு கட்டுக்கடங்காதபோது, புகையும் மதுவும் உடலைத் தின்னும்போது, எச்.ஐ.வி. தொற்று எதிர்ப்பாற்றலைக் குலைக்கும்போது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் இந்தியர். வறுமையும் நெருக்கடியும் இக்கிருமியின் கூட்டாளிகள் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் மண்ணில் நிகழ்ந்தவை

இந்நோயைப் பற்றிய உலக அறிவில் நம் வட்டாரத்திற்கு ஒரு தனிப் பங்கு உண்டு. நம் இளைஞர் பலர் இதனை அறியார். தாம்பரத்தில் 1928-இல் சௌரி முத்து என்னும் மருத்துவர் காசநோய் இல்லத்தை நிறுவினார். அந்நாளில் நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, நல்ல காற்றும் ஓய்வும் ஊணும் தந்து வைத்திருப்பதே சிகிச்சை. ஏழைக்கு அந்த இடம் எளிதில் கிட்டாது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு நிலையம் தொடங்கிற்று. அங்கே 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவ இல்லத்திலும், மறு பிரிவினரை அவரவர் நெருக்கடியான ஏழை வீடுகளிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். அவர்களுடைய குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்பட்டால் நோயாளியை வீட்டை விட்டு விரட்டத் தேவையில்லை என்னும் பாடத்தை உலகம் நம் சென்னையின் ஏழைகளிடமிருந்தே கற்றுக்கொண்டது.

அடுத்தது பி.சி.ஜி. ஊசி ஆய்வு. 1968-இல் தொடங்கி, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், சென்னைக்கு மேற்கே திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களில் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இதில் பங்கு கொண்டனர். ஒரு பகுதியினரிடம் தடுப்பு மருந்து, மற்றவரிடம் வெறும் நீர்மம் என்ற முறையில் அமைந்த பேராய்வு அது. 15 ஆண்டுகள் கண்காணித்த பின் கிடைத்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. பெரியவர்களின் நுரையீரற் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை! ஆயினும் கைக்குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் காசநோய் முதலிய கொடிய வகைகளிலிருந்து அது காக்கிறது என்பது பிற ஆய்வுகளால் உறுதிப்பட்டது. ஆகவேதான் பிறந்த குழந்தைக்கு இன்றும் அதனை இடுகிறார்கள். தாய்மார் தவறவிடலாகாது.

நுரையீரலில் ஏன் தோற்றது? நம் மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு வகைக் கிருமிகளோடு உடல் முன்பே பழகியிருந்தது ஒரு காரணமாகலாம் என்பர். தோலில் இடும் ஊசி இரத்தத்தின் படையைப் பயிற்றுவிக்கிறது. ஆனால் முதற்கிருமியைச் சந்திப்பவரோ இரத்தத்திலிருந்து வாராத உள்வீட்டுக் காவலர். அவர்களையே நேராகப் பயிற்றுவிக்க மூச்சு வழியாகத் தடுப்பு மருந்து தரலாமா என்று இன்றைய ஆய்வாளர் முயன்று வருகின்றனர். திருவள்ளூர்ச் சிற்றூர் மக்கள் கை நீட்டி ஊசி போட்டுக் கொண்டதன் பயன் இன்னும் முடியவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாவது செய்தி நம் அடுக்களையைச் சேர்ந்தது. சேத்துப்பட்டு நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. அந்நிறுவனமும் பங்கேற்க, ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019-இல் ஓர் ஆய்வு தொடங்கிற்று. நோயாளி மட்டுமன்றி, அவருடைய வீட்டார் அனைவருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் வழங்கினர். 2023-இல் முடிவு வெளிவந்தது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் காண்பது 100-க்கு 39 பங்கு குறைந்திருந்தது. ஒரு மூட்டை அரிசியும் ஒரு படி பருப்பும் தடுப்பூசிக்கு நிகரான வேலையைச் செய்தன!

நாம் செய்யத் தக்கவை

இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல், மாலையில் வரும் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றுள் எது கண்டாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்க. சோதனையும் மருந்தும் அங்கே இலவசம். மருந்தைப் பெரும்பாலோர் ஆறு மாதம் உட்கொள்ள வேண்டும். இரண்டாம் மாதத்தில் உடல் தேறியதென்று நிறுத்திவிட்டால், மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வளர்த்தவர்களாவோம். நோயாளியின் ஊட்டத்திற்கென நடுவண் அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆயிற்று. கேட்டுப் பெறுவதில் வெட்கம் வேண்டாம். மிகவும் மெலிந்து, மூச்சுத் திணறி, எழுந்து நிற்க இயலாத நிலையில் இருப்போரைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022 முதல் நடத்தி வருகிறது.

அரசும் மருத்துவரும் செய்ய இயலாத ஒன்று உண்டு. அதுவே நம்முடைய பங்கு. “மகளுக்குக் காசநோய் என்று தெரிந்தால் வரன் வராதே” என்று மறைத்து, மருந்தைப் பாதியில் நிறுத்தும் பெற்றோர் இன்றும் உளர். கணவனுக்கு வந்தால் மனைவி பணிவிடை செய்கிறாள். மனைவிக்கு வந்தால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். திருப்பலியில் ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே அப்பத்தில் பங்கு கொள்கிற நாம், வெளியே வந்ததும் இருமுகிற சகோதரியின் அருகில் உட்காரத் தயங்குகிறோம். முறையான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் நோயைப் பரப்பும் தன்மை பெரிதும் அடங்கிவிடும். அதன் பின்னும் விலக்கி வைப்பது நோய்க்கு அஞ்சியா, ஊர் வாய்க்கு அஞ்சியா?

ஓர் உறுப்பு துன்புற்றால் மற்ற உறுப்புகளும் உடன் துன்புறும் என்னும் கருத்தைப் புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் விரித்துரைக்கிறார். அவர் பெருவிழுங்கியை அறிந்தவர் அல்லர். ஆயினும் நுரையீரல் இன்று நமக்குச் சொல்வதும் அதுவே. வெளியிலிருந்து படை வரும் என்று அது காத்திருக்கவில்லை. பக்கத்திலிருப்பவன் விழுந்த இடத்தைப் பக்கத்திலிருப்பவனே நிரப்புகிறான். நம் பங்கில் ஒரு தந்தை நோயுற்றுப் படுத்தால், அவ்வீட்டின் அரிசிப் பானையை நிரப்ப வேண்டியவர் தொலைவிலுள்ள எவரோ அல்லர். அடுத்த தெருவில் இருக்கும் நாமே.

புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் வாரந்தோறும் ஏழைகளின் இல்லங்களைச் சந்திப்பதை நாம் அறிவோம். அச்சந்திப்பில் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்: “இவ்வீட்டில் யாராவது இரண்டு வாரமாக இருமுகிறார்களா?” ஆம் என்றால் அவரை மருத்துவ நிலையம் வரை உடன் அழைத்துச் செல்லட்டும். காசநோய் என்று தெரிந்தால், மருந்து முடியும் வரை ஆறு மாதமும் அவ்வீட்டுக்கு அரிசியும் பருப்பும் சென்று சேரட்டும். பெயரைப் பலிபீடத்திலிருந்து அறிவிக்கத் தேவையில்லை. பங்குத் தந்தையும் கொண்டு செல்பவரும் அறிந்தால் போதும்.